இறுகிப்போன என்ஜினைக் கழற்றி எறியலாமா?

கடிதத்தின் சுருக்கம்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய ஊரில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 47. மென்பொருள் துறையில் வேலை. எதிர்வீட்டுப் பெரியவர் மறைந்த பிறகு அவருடைய மனைவியிடமிருந்து 1968ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓ காரை 19,500 டாலருக்கு வாங்கியிருக்கிறார். இரண்டு கதவு, ஆட்டோமேட்டிக் கியர், கறுப்பு வினைல் ஒட்டிய கூரை. 2003க்குப் பிறகு வண்டி கராஜை விட்டு நகரவே இல்லை. என்ஜின் சுழலாமல் இறுகிக் கிடக்கிறது.

பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பழைய என்ஜின் செத்துவிட்டது, 430 குதிரைத்திறன் கொண்ட புதிய செவர்லே எல்எஸ்3 என்ஜினை வைத்துவிடலாம், மொத்தம் 28,000 டாலர் என்று சொல்லியிருக்கிறார். முன்பணம் 10,000. பழைய என்ஜினைத் தானே இலவசமாக எடுத்துச் சென்றுவிடுவதாகவும், பின்னால் விற்கும்போது விலை குறையாமல் இருக்க வேறொரு பழைய பிளாக்கில் (என்ஜினின் இரும்பு உடல்) இந்த வண்டியின் எண்ணை அடித்துத் தர ஆள் இருப்பதாகவும் சொன்னாராம். நண்பர் ஒருவர் 455 கன அங்குல பான்டியாக் என்ஜினைத் தேடச் சொல்கிறார். பதினாறு வயது மகன் மின்சார மோட்டார் வைக்கலாம் என்கிறான். செலவுக்கு ஓர் எல்லை வேண்டாமா என்று மனைவி கேட்கிறார். எதிர்வீட்டு அம்மாவோ, வரும் மே மாதம் தன்னுடைய 82ஆவது பிறந்தநாளன்று அந்தக் காரில் ஒரு சுற்றுப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

“அசல் என்ஜின் போய்விட்டால் வண்டிக்கு மதிப்பே இல்லை என்கிறார்கள். இது உண்மையான ஜிடிஓதானா என்பதே எனக்குத் தெரியவில்லை. எந்த என்ஜினைத் தேர்ந்தெடுப்பது?” என்று முடிக்கிறார். வண்டி எண்ணின் முதல் ஏழு இலக்கங்களையும் ஆறு புகைப்படங்களையும் இணைத்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 10,000 டாலரை இன்னும் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், வேலையைத் தொடங்க வேண்டாம் என்று இன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பட்டறைக்காரர் நேர்மையற்றவர் என்று நான் முடிவுகட்டவில்லை. ஆனால், ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் என்ஜின் செத்துவிட்டது என்று சொன்னதையும், கழற்றிய என்ஜினை இலவசமாக எடுத்துக்கொள்கிறேன் என்றதையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய என்ஜின்களைப் பிரித்துக் கோக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இறுகிப்போன 400 கன அங்குல பான்டியாக் பிளாக்கை யாரும் குப்பைக்காக எடுத்துச் செல்வதில்லை.

இது எந்த வண்டி?

நீங்கள் அனுப்பிய ஏழு இலக்கங்கள்: 242378இசட். இதிலேயே பாதிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. முதல் 2 பான்டியாக். அடுத்த 42 ஜிடிஓ. 37 என்பது நடுத்தூண் இல்லாத இரண்டு கதவுக் கூரை வண்டி. 8 என்றால் 1968. ஆகவே இது பின்னாளில் பட்டை ஒட்டி ஜிடிஓ ஆக்கிய லெமான்ஸ் (விலை குறைந்த பான்டியாக் மாதிரி) அல்ல; ஆலையிலேயே ஜிடிஓவாகப் பிறந்த வண்டி. 1964, 65 மாதிரிகளில் இதை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. அப்போது ஜிடிஓ என்பது லெமான்ஸ் வாங்குகிறவர் கூடுதல் பணம் கட்டிப் பெறும் ஒரு தொகுப்பு மட்டுமே. 1966இல்தான் அது தனி மாதிரியாகி 242 என்ற எண் வந்தது.

கடைசி எழுத்தான இசட், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையைக் குறிக்கிறது. நீங்கள் இருக்கும் பக்கம்தான். அந்த ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது. 1984 முதல் டொயோட்டாவுடன் கூட்டாக அங்கே மீண்டும் கார்கள் செய்தது. 2010இல் டெஸ்லா அதை வாங்கியது. மின்சார மோட்டார் வைக்கச் சொல்லும் உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்: இன்று அவன் வியக்கும் கார்கள் வெளிவரும் அதே மனையிலிருந்துதான் இந்த வண்டியும் வெளியே வந்தது.

இந்தக் காரின் பிறப்பே ஓர் என்ஜின் தேர்வில்தான் நடந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். நடுத்தர அளவு வண்டிகளில் 330 கன அங்குலக் கொள்ளளவுக்கு மேல் என்ஜின் வைக்கக்கூடாது என்பது அன்றைய ஜெனரல் மோட்டார்ஸ் விதி. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் பெரிய பான்டியாக்குகளில் இருந்த 389 என்ஜினை டெம்பெஸ்ட் என்ற நடுத்தர பான்டியாக்கின் உடலில் உட்காரவைத்து, அதைப் புதிய மாதிரி என்று சொல்லாமல் விருப்பத் தொகுப்பு என்று சொல்லி விதியைக் கடந்தார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 வண்டிகள் விற்றன. ஆக, ஜிடிஓவில் பான்டியாக் என்ஜின் என்பது மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் உறுப்பு மட்டுமல்ல. நான் கடைசியில் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் ஆலையின் விற்பனைப் பதிவுகளின் பிரதிகள் இருக்கின்றன. முழு வண்டி எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், உங்கள் வண்டி எந்த என்ஜின், எந்த கியர், எந்த நிறத்தோடு வெளியே அனுப்பப்பட்டது என்ற தாள் கிடைக்கும். வேறு எதற்கும் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழியுங்கள். எதிர்வீட்டு அம்மாவிடமும் பழைய ரசீதுகள், உத்தரவாதப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பின்சீட்டுச் சுருள்களுக்கு இடையிலும் பெட்ரோல் டேங்கின் மேற்புறத்திலும் ஆலைத் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற தாள்கள் கிடைப்பதுண்டு.

வண்டியின் உரிமைச் சான்றிதழ் இன்னும் மறைந்த பெரியவர் பெயரிலேயே இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். வாரிசுரிமை வழக்குக்குப் போகாமல் மாற்ற, கலிபோர்னியா வாகனத் துறையில் அதற்கான உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. உங்கள் பெயரில் இல்லாத வண்டியில் ஒரு டாலரைக்கூடப் போடாதீர்கள்.

இறுகியது எல்லாம் செத்தது அல்ல

உங்கள் மூன்றாவது புகைப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம், முன்னால், சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே அடித்திருக்கும் இரண்டு எழுத்துகள் கிரீஸ் படலத்துக்குள் மங்கலாகத் தெரிகின்றன: ஒய், எஸ். 1968இல் ஆட்டோமேட்டிக் கியரோடு வந்த, 350 குதிரைத்திறன் 400 என்ஜினுக்கான குறியீடு அது. உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறது. ஆனால் இதே வண்டியின் என்ஜின்தானா என்பதற்கு இது போதாது. அதே பகுதியில், டைமிங் செயின் மூடிக்கு அருகில் வண்டி எண்ணின் ஒரு பகுதி அடிக்கப்பட்டிருக்கும். பான்டியாக் என்ஜின்களில் 1968இலிருந்துதான் அந்தப் பழக்கம் வந்தது. அது 28இசட் என்று தொடங்கி, பின்வரும் இலக்கங்கள் முகப்புப் பலகையில் இருக்கும் எண்ணோடு ஒத்திருந்தால், நீங்கள் தூக்கி எறிய நினைத்தது அந்த வண்டியோடு பிறந்த என்ஜின்.

அந்த இடத்தைச் சுத்தம் செய்ய பிரேக் கிளீனரும் நைலான் பிரஷும் போதும். உப்புத்தாளோ கம்பி பிரஷோ கிரைண்டரோ அதன் பக்கத்தில் போகக்கூடாது. ஆலையில் அந்தப் பரப்பைச் சீவியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் அங்கே இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். எண்கள் அசல்தானா என்று பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது அந்தக் கோடுகளைத்தான்.

இனி இறுக்கம். இருபது ஆண்டுகள் நின்ற வண்டியில் பெரும்பாலும் ஒன்றிரண்டு சிலிண்டர்களில்தான் சிக்கல் இருக்கும். என்ஜின் நின்ற கணத்தில் எந்த சிலிண்டரின் வால்வு திறந்திருந்ததோ, அதன் வழியாக ஈரக்காற்று இறங்கி, பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் துருவால் ஒட்டிக்கொள்ளும். எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று குறித்து வரிசையாக வையுங்கள். துருப்பிடித்த முனையோடு வருவது எதுவோ, குற்றவாளி அந்தத் துளைக்குக் கீழே இருக்கிறது. எட்டுத் துளைகளிலும் துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். மறுபடியும் ஊற்றி இன்னொரு வாரம். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயோடு அசிட்டோன் கலந்து ஊற்றுவதும் எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஆனால் உங்கள் கராஜில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் நிற்பது புகைப்படத்தில் தெரிகிறது. அதன் தீச்சுடர் இருக்கும் இடத்தில் அசிட்டோன் ஆவி கூடவே கூடாது. வெறும் துரு எண்ணெயே போதும்.

பிறகு கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்பக்க போல்ட்டில் நீளமான கைப்பிடியைப் போட்டு, மெல்ல இரு திசையிலும் அசைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடாதீர்கள். பாட்டரியை இணைக்கவே வேண்டாம். அசைந்துவிட்டால் அந்த உற்சாகத்தில் என்ஜினை ஓட்டிப் பார்க்கவும் கூடாது. இந்த வயது பான்டியாக்கில், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டின் பல்சக்கரத்தில் பற்கள் நைலான் பூசியவை. ஆண்டுகள் போகப்போக அவை பழுத்த இலைபோல் உடைந்து, ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்பில் விழும். சென்ற ஆண்டு நான் பிரித்த ஒரு 400இல் ஆயில் பம்பின் வலையை அடைத்துக்கொண்டு பழுப்பு நிறத் துண்டுகள் ஒரு கைப்பிடி இருந்தன. அந்த நிலையில் ஓட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் பேரிங்குகள் எல்லாம் போயிருக்கும்.

இன்னொன்று. ஏர் கிளீனருக்குள்ளும் பின்சீட்டுக்குக் கீழும் எலிக்கூடு இருக்க வாய்ப்பு அதிகம். கலிபோர்னியாவில் மான் எலிகளின் எச்சத்திலிருந்து ஹான்டா வைரஸ் தொற்றக்கூடும். உலர்ந்தபடியே பெருக்காமல், கிருமிநாசினி நீரால் நன்றாக நனைத்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து எடுங்கள்.

உங்கள் முன்னால் இருக்கும் என்ஜின்கள்

எல்எஸ்3ஐ நான் குறை சொல்ல மாட்டேன். அலுமினிய பிளாக், பழைய பான்டியாக்கைவிடச் சுமார் 100 கிலோ குறைவு. குளிர்காலக் காலையிலும் சாவி திருப்பியதும் ஓடும். தினமும் அலுவலகத்துக்கு இதே காரில்தான் போகப்போகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பதில் வேறாகக்கூட இருந்திருக்கும். ஆனால் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த என்ஜினோடு சேர்ந்து வருவதைப் பாருங்கள்: உங்கள் வண்டியின் டர்போ 400 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முகப்புத் துளைகள் ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல், பான்டியாக் அமைப்பில் இருப்பவை, செவர்லே என்ஜினில் நேரடியாகப் பொருந்தாது. ஆகவே கியர்பாக்ஸ் மாற வேண்டும், அல்லது இடையில் தகடு வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். சட்டகத்தின் குறுக்குக் கட்டையில் இடிக்காத ஆயில் சம்ப், புதிய மவுன்ட்டுகள், உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், அதற்கேற்ற டேங்க், கணினி, வயரிங், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர் எல்லாம் வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வேலைக்கே சொன்னதுபோல இருக்கும். இவ்வளவும் 28,000 டாலருக்குள் அடங்குகிறதா என்று உருப்படி உருப்படியாக எழுதிக் கேளுங்கள். மே மாதத்துக்குள் முடியும் என்ற வாக்கையும் நம்ப வேண்டாம். என்ஜினை இறக்குவது இரண்டு நாள் வேலை, மிச்சத்தைச் சரிசெய்வதில்தான் மாதங்கள் கரையும்.

குதிரைத்திறனை ஒப்பிடும்போது ஒரு தவறு நடக்கிறது. 350க்கும் 430க்கும் 80தான் வித்தியாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1968இன் 350 என்பது சோதனை மேடையில், ஏர் கிளீனரும் சைலன்சரும் இல்லாமல், துணைக் கருவிகளைச் சுழற்றாமல் அளந்த மொத்தக் கணக்கு. 1972இலிருந்து வண்டியில் இருக்கும் நிலையில் அளக்கும் நிகரக் கணக்கு வந்தது. 1971 ஜிடிஓவில் 300 என்று எழுதிய அதே 400 என்ஜின், 1972இல் 250 என்று எழுதப்பட்டது. ஆகவே உண்மையான இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. நான் பான்டியாக் பக்கம் சாய்கிறேன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கூடுதல் சக்தியை எந்த பிரேக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

455க்கு வருவோம். உங்கள் நண்பர் விஷயம் தெரிந்தவர். செவர்லேயில் இருப்பதுபோல் சிறிய பிளாக், பெரிய பிளாக் என்ற பிரிவு பான்டியாக்கில் இல்லை. 326 முதல் 455 வரை வெளி அளவு ஒன்றுதான். மவுன்ட்டும் கியர்பாக்ஸும் அப்படியே பொருந்தும். நீல வண்ணம் அடித்துவிட்டால் பானெட்டைத் திறப்பவருக்கு வேறுபாடே தெரியாது. 1968இல் 455 என்ஜின் வந்திருக்கவில்லை. நடுத்தர வண்டிகளுக்கு 330இலிருந்து 400 கன அங்குலமாக உயர்ந்திருந்த உச்சவரம்பும் 1970 மாதிரியில்தான் விலகியது. உங்கள் பிளாக் விரிசல் விட்டிருந்தால் 455ஐத் தேடுங்கள் என்று நானே சொல்வேன். விரிசல் இல்லையென்றால் தேவையில்லை. அதே 400 பிளாக்கில் 4.25 அங்குல வீச்சுள்ள கிராங்க் ஷாஃப்டைப் போட்டு ஏறத்தாழ 461 கன அங்குலம் ஆக்கும் பாகத் தொகுப்புகள் கடையில் கிடைக்கின்றன. எண் அடித்த உங்கள் பிளாக்கும் கையில் இருக்கும். நண்பர் ஆசைப்படும் முறுக்குவிசையும் கிடைக்கும்.

மின்சார மோட்டார்: மகனின் யோசனையைச் சிரித்து ஒதுக்காதீர்கள். உடலை வெட்டாமல் செய்தால் அது திரும்பப் பெறக்கூடிய மாற்றம்தான். ஆனால் பாட்டரிகளின் எடையைச் சட்டகத்தில் எங்கே பகிர்ந்து வைப்பது, மோதினால் என்ன ஆகும் என்பதெல்லாம் கராஜில் தந்தையும் மகனும் தீர்க்கும் கணக்கு அல்ல. இந்த வண்டியில் வேண்டாம். அடித்தட்டு மட்டும் மிஞ்சி, என்ஜின் தொலைந்துபோன வேறொரு பழைய வண்டி கிடைத்தால் அதில் செய்யலாம்.

என் பரிந்துரை, உங்கள் 400ஐயே மீண்டும் கட்டுவது. ஆனால் 1968இல் இருந்த அதே அமைப்பில் அல்ல. ஆலைக் கணக்கில் அதன் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை நெரிபடும் மடங்கு, 10.75. அன்றைய உயர்தர பெட்ரோலுக்கு அது சரி. இன்று உங்கள் ஊர் பம்புகளில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோலில், இரும்பு ஹெட்டோடு, மேட்டில் ஏறும்போது நாக்கிங் என்று நாங்கள் சொல்லும் தட்டல் கேட்கும். அந்தத் தட்டல்தான் பிஸ்டனை உடைப்பது. ஆக்டேன் கூட்டும் திரவம் ஊற்றிச் சமாளிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சீசாவில் பத்துப் புள்ளி கூடும் என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது பத்து எண் அல்ல, ஒரே ஓர் எண். அதை நம்பி என்ஜினைக் கட்டாதீர்கள். மேற்பரப்பில் குழிந்த பிஸ்டன்களைப் போட்டு விகிதத்தை 9.3 பக்கம் இறக்குங்கள். கொஞ்சம் சக்தி குறையும், சாலையில் உங்களுக்கு அது தெரியாது.

கூடவே சிலவற்றைப் பட்டறையிடம் வலியுறுத்துங்கள். பான்டியாக் அந்தக் காலத்தில் போட்ட கனெக்டிங் ராடுகள் வார்ப்பு இரும்பைப் பதப்படுத்திச் செய்தவை. அவற்றை மெருகேற்றி மறுபடி போடுவது பொய்ச் சிக்கனம். அடித்து உருவாக்கிய புதிய ராடுகளை வாங்குங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இல்லாத காலம் இது என்பதால் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றச் சொல்லுங்கள். கேம் ஷாஃப்டை உருளை டேப்பட் கொண்டதாக மாற்றிவிட்டால், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம் கலந்த எண்ணெயைத் தேடி அலைய வேண்டியதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் குழாய்களும் கார்புரேட்டர் பாகங்களும் வேண்டும். ஹெட்டின் நடு எக்ஸாஸ்ட் துளைக்கு மேலே 16 என்ற வார்ப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹெட்டும் அந்த ஆண்டின் ஜிடிஓவுக்கு உரியதே. அதைப் பத்திரப்படுத்துங்கள்.

புகைப் பரிசோதனையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். கலிபோர்னியாவில் 1975 மாதிரி வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு அந்தப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் தேர்வை அது தடுக்காது.

அந்த எண்ணை அடிக்க விடாதீர்கள்

இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வேறொரு பிளாக்கில் உங்கள் வண்டியின் எண்ணை அடித்து, அதை அசல் என்று நம்பவைத்து விற்பது மோசடி. வாகனத்தின், அதன் பாகத்தின் அடையாள எண்ணை அறிந்தே மாற்றுவதையும் அழிப்பதையும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமும் குற்றமாகப் பார்க்கிறது; கலிபோர்னியா வாகனச் சட்டமும் அப்படியே. கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். சீவிய கோடுகள் அழிந்திருப்பதையும், எண்களின் உருவம் ஆலை அச்சோடு ஒத்துப்போகாததையும் பார்த்த மாத்திரத்தில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு சந்தேகம் எழுந்தால், உண்மையான மற்ற பாகங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதற்கு அவசியமும் இல்லை. அசல் என்ஜின் போனால் வண்டிக்கு மதிப்பே இல்லை என்பது மிகை. 1968இல் 87,684 ஜிடிஓக்கள் செய்யப்பட்டன. அருங்காட்சியகத்துக்குப் போகும் அபூர்வ வகை அல்ல உங்களுடையது. அசல் என்ஜின் இருந்தால் விலை கூடும், இல்லையென்றால் குறையும், அவ்வளவுதான். அதே ஆண்டின் சரியான 400ஐப் போட்டு, இது மாற்று என்ஜின் என்று எழுதிக் கையெழுத்திட்டு விற்கும் வண்டிக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

பிரேக்கும் உடலும்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா? உங்கள் வண்டியின் எடை சுமார் 1,600 கிலோ. நான்கு சக்கரத்திலும் 9.5 அங்குல டிரம் பிரேக். முன்சக்கர டிஸ்க் அன்று கூடுதல் பணம் கட்டினால்தான் கிடைக்கும். உங்கள் படத்தில் அது இல்லை. தொடக்க காலத்தில் இதேபோன்ற டிரம் பிரேக் வண்டியில் பலமான என்ஜினைக் கட்டி, ஒரு மலைச்சரிவில் சோதிக்கக் கொண்டுபோனேன். மூன்றாவது வளைவில் பெடல் தரைக்குப் போகவில்லை, கல்போல் நின்றது. வண்டிதான் நிற்கவில்லை. டிரம் சூடேறியதால் லைனிங் பிடியை இழந்திருந்தது. சாலையோர மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். அந்த எரிந்த வாடை இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து என் பட்டறையில் பிரேக் முடியாமல் என்ஜின் ஏறுவதில்லை.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க், புதிய மாஸ்டர் சிலிண்டர், புதிய குழாய்கள், ஸ்டியரிங் மூட்டுகள், டயர்கள், சீட் பெல்ட். பழைய டயரில் பட்டன் ஆழமாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ரப்பர் உள்ளே செத்திருக்கும். இவற்றுக்குப் பிறகுதான் என்ஜின்.

உடலில் எனக்குப் பயம் வினைல் கூரை. பின்கண்ணாடியின் கீழ்விளிம்பில், வினைலுக்கு அடியில் நீர் தங்கி, தகட்டைத் தின்று, டிக்கிக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி, பின்சக்கர வளைவின் கீழ்ப்பகுதியிலும் கண்ணாடி ஓரத்திலும் தடவிக்கொண்டே போங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பூச்சு இருக்கிறது. டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி, விரலால் அழுத்திப் பாருங்கள். சட்டகத்தில் உடல் உட்காரும் ரப்பர் இருக்கைகளைச் சுற்றி அரித்திருந்தால், அந்த வேலை என்ஜினைவிட அதிகம் செலவழிக்கும். உங்கள் மனைவி கேட்கும் எல்லையை அந்தக் காந்தப் பரிசோதனைக்குப் பிறகே சரியாகப் போட முடியும். அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். என் அனுபவத்தில் முதல் மதிப்பீட்டோடு முடிந்த புதுப்பிப்பு ஒன்றுகூட இல்லை. பாதித் தொகையைக் கூடுதலாக ஒதுக்கி வைத்துவிட்டு, அதைத் தாண்டினால் நிறுத்துவது என்று இருவரும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். பெயின்ட் கடைசி. முன்பம்பரின் மேற்புறம் உலோகம் அல்ல, எண்டுரா என்ற வளைந்துகொடுக்கும் பொருள். அதற்கு வளையும் பூச்சுத் தெரிந்த கைதான் வேண்டும்.

பட்டறையோடு உங்கள் உரிமை

கலிபோர்னியாவில் வாகனப் பழுதுப் பட்டறைகள் மாநிலத்தின் வாகனப் பழுதுத் துறையில் பதிவுசெய்திருக்க வேண்டும். வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு தந்து உங்கள் ஒப்புதல் பெற வேண்டும். தொகை கூடினால் மறுபடி ஒப்புதல். வேலையைப் பட்டறையிடம் ஒப்படைக்கும்போதே கேட்டால், கழற்றிய பாகங்களைத் திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. மாற்றுக்கு வாங்கிக்கொள்ளும் பாகங்கள் போன்ற சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. ஆகவே பிளாக், ஹெட், கார்புரேட்டர், மேனிஃபோல்டு, கியர்பாக்ஸ் எல்லாம் உரிமையாளருக்கே என்று முதல் தாளிலேயே எழுதிவையுங்கள். வண்டியை அனுப்பும் முன் ஒவ்வொரு எண்ணையும் படம் எடுங்கள். அதே சமயம், கூலி பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்துவைக்கும் உரிமை பட்டறைக்கும் இருக்கிறது. மொத்த முன்பணம் வேண்டாம். முடிந்த கட்டத்துக்குப் பணம் என்று ஒப்பந்தம் போடுங்கள். காப்பீட்டை, இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள்; சாதாரணக் காப்பீடு இதைத் தேய்மானம் கழித்த ஐம்பது வயது வண்டியாகத்தான் பார்க்கும்.

மே மாதம் பற்றி. என்ஜின் கட்டும் நல்ல லேத் பட்டறைகளில் வரிசை நீளம். பிளாக் இந்த மாதமே இறங்கி, விரிசல் சோதனைக்குப் போய்விட்டால், பிரேக் வேலையை நீங்களும் மகனும் கராஜில் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். பெயின்ட் மங்கியே இருக்கும். வினைல் கிழிந்தே இருக்கும். அந்த அம்மா பல ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து போன வண்டி அந்த நிறத்தில்தான் இருந்தது. அவருக்கு அது குறையாகத் தெரியாது.

இந்தச் சனிக்கிழமை பிளக்குகளைக் கழற்றுங்கள். ஸ்பேனரை மகன் கையில் கொடுங்கள். எட்டையும் வரிசையாக வைத்து ஒரு படம், 28இசட்டுக்குப் பின்னால் வரும் இலக்கங்களோடு ஒரு படம், இரண்டையும் எனக்கு அனுப்பிவையுங்கள்.